சீமைக்குப் போகிற ரயில்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெரு அப்பாக்களில் பாதிப் பேர் ஏதாவதொரு துரை வீட்டில் சமையலோ தோட்டமோ பார்த்தவர்கள். என் அப்பா சமையல். அவருடைய துரை கப்பலேறிய பிறகு அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவார், அரை மணியில் திரும்பி வருவார், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போவார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் ஓரிடத்தில் தரிக்காமல் போயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, கோலார் தங்கவயலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஆறு வயது மகனோடும் வந்து இறங்கினாள். "சும்மாத்தான் வந்திருக்கா" என்று அக்கம்பக்கத்தில் அம்மா சொன்னாள். சும்மா வருகிறவர்கள் பத்து நாளில் போய்விடுவார்கள். சித்தி மூன்று மாதமாகியும் போகவில்லை. சித்தப்பா ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

சித்தி மகன், என் தம்பி, எங்களில் யாரைப் போலவும் இல்லை. உடம்பு முழுக்கப் பால் நிறம். தலைமுடி சோளக்கதிர் நாரைப் போல, இமைகூட வெள்ளை. வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் நெற்றிக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு குனிந்தே நடப்பான். கண்மணிகள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே தோலில் நிறம் ஏறாமல் போகிறவர்கள் உண்டென்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எங்கள் தெருவில் அதைச் சொல்ல ஆளில்லை. பிள்ளைகள் அவனுக்கு 'துரை' என்று பெயர் வைத்தார்கள். பெண்கள், குழாயடிக்குச் சித்தி வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

எனக்கு என் கவலை. நொண்டி விளையாட என்னைச் சேர்ப்பதில்லை. "உங்க வீட்லதான் துரை கீறானே, அவன்கூடப் போய் ஆடு" என்றார்கள். தம்பி மேல் எனக்குப் பகை இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு முறுக்கு கிடைத்தால் பாதியை உடைத்து எனக்கென்று வைத்திருப்பான். ஆனால் அவன் எங்கள் வீட்டில் இருக்கும்வரை எனக்குத் தெருவில் இடமில்லை. இப்படித் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி தோன்றியது. துரைகள் எல்லாரும் சீமைக்குப் போகிறார்கள். இவனை மட்டும் ஏதோ மறதியில் விட்டுவிட்டார்கள். அனுப்பிவைத்துவிட்டால் தீர்ந்தது.

சித்தி புறக்கடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை அவன் தலையில் முக்காடாகப் போட்டுக் கிளப்பினேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து கப்பல். வழி எங்கள் தெருவுக்கே மனப்பாடம். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று நான் கிட்டத்தட்ட ஓடினேன். அவன் கல்லில் தடுக்கித் தடுக்கி வந்தான். எங்கே போகிறோம் என்று கேட்கவே இல்லை. பாதி வழியில் நானே சொன்னேன்.

"சீமைக்குடா. அங்க எல்லாரும் உன்ன மாதிரியே இருப்பாங்க."

அவன் நின்றுவிட்டான். "எல்லாருமா?"

"எல்லாருந்தான். வெயில்கூட அடிக்காதாம்."

அதற்கப்புறம் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு நடந்தான்.

ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டி கிளம்புவதற்கு நின்றுகொண்டிருந்தது. மெட்ராஸ் பக்கம்தான் போகிறது என்று ஒரு போர்ட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவனை ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தேன். முக்காடு நழுவியதும் எதிரில் இருந்த அம்மாள் தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் மூட்டையோடு தள்ளி உட்கார்ந்தார். நான் இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றேன்.

வண்டி ஊதியது. தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். நான் நின்றது இரண்டு கை தூரம்தான். அவன் கண்கள் ஆடி ஆடித் தேடின. நான் அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, ஏறிட்டியா?" என்றான்.

நானும் கூட வருகிறேன் என்றே அவன் நினைத்திருக்கிறான்!

வண்டி அசைந்தது. ரயில் பெட்டியை ஒட்டியே ஓடினேன். படியில் நின்ற யாரோ என் பாவாடையையும் கையையும் சேர்த்துப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டார்கள். முழங்காலில் ரத்தத்தோடு போய் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அம்மாள், "இது யாரும்மா, உன்கூட வந்ததா?" என்றாள்.

"என் தம்பி" என்றேன். வெளியாளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன வேகத்தில், குழந்தையை மூடியிருந்த முந்தானையை அவள் தானே எடுத்துவிட்டாள்.

அடுத்தது ஈஸ்ட் ஸ்டேஷன். டிக்கெட் கேட்க வந்தவர் எங்களை அங்கேயே இறக்கிவிட்டார். சீமைக்குக் கிளம்பிய நாங்கள் வந்து சேர்ந்த இடம், ஏறிய இடத்தைவிட எங்கள் வீட்டுக்குப் பக்கம். வண்டி போய்விட்டதே என்று தம்பி விக்கி விக்கி அழுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கன்னடக்காரர். அவன் வெளிச்சத்தில் கண் கூசுவதைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது. அழுகை நின்றது. என்னிடம் தெருப் பெயரைக் கேட்டு, ஒரு ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

சித்தி வரும்போது கையில் சவுக்கார நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. செருப்பு இல்லை. பின்னாலேயே அப்பா சைக்கிளில் வந்தார். அவர்கள் வாசலில் கால் வைத்த நேரத்தில்தான் மாஸ்டர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார், இது யார் பிள்ளை என்று.

"துரை புள்ள சார்" என்றேன். "எங்க வீட்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "என் மகன் சார்" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. அவர் வேறெதுவும் கேட்காமலேயே, "இவங்கப்பாவுக்குப் பொறந்தவன் சார், சத்தியமா" என்றாள்.

"ஆயித்தம்மா, ஆயித்து, போதும்" என்று அவர் சட்டென்று எழுந்து, எங்கள் எல்லோருக்கும் டீ சொல்லப் போய்விட்டார்.

திரும்பும்போது அப்பா தம்பியை சைக்கிளின் முன்பார் மேல் உட்காரவைத்துக்கொண்டார். எங்கள் தெரு முனை வந்ததும், குறுக்கே யாரும் இல்லாதபோதே, வீடுவரை மணியை அடித்துக்கொண்டே போனார். குழாயடியில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நானும் சித்தியும் பின்னால் நடந்து வந்தோம். அடி எப்போது விழும் என்று தெரியாமல் நான் ஒதுங்கி ஒதுங்கி வந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாப் புள்ளைங்களும் அவங்கவங்க அப்பாவுக்குப் பொறந்ததுதானே சித்தி? அதப் போயி அவர்கிட்ட ஏன் சொன்னீங்க?"

சித்தி நடுத்தெருவில் நின்றாள். குனிந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் தலைமேல் அவள் கண்ணீர் சூடாக விழுந்தது. தம்பியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்ததற்காகத்தான் என்று நினைத்து, நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.