நர்மதா திருப்பி வாங்கிய கட்டுரை

நர்மதாவுக்கு ஊர் கல்லங்குறிச்சி. அப்பா வைரக்கண்ணு, மானாவாரியில் பருத்தி போடுகிறவர். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவள் சேர்ந்தபோது, நான் அந்த லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலையில் இருந்தேன். ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பொய்யாய் எழுதி மாட்டிக்கொண்டாள் என்று அவளைப் பேசுகிறார்கள். அது உண்மையில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கிருமிக்கு மேல்தோல் ஒண்ணு இருக்குக்கா, எண்ணெய்ப் படலம் மாதிரி. அதுக்குள்ள ஒரு புரதம் உக்காந்திருக்கு. நாம சாப்பிடுற மருந்து உள்ள போனா, அது பிடிச்சு வெளிய தள்ளிடும். அதனாலதான் சில பேருக்கு எந்த மருந்துக்கும் புண்ணு ஆறறதில்ல."

"வூட்டுக்கு வந்தவங்கள வெரட்டுற என் மாமியா மாதிரின்னு சொல்லு."

"அதேதான். அந்த மாமியாரைக் கட்டிப்போட ஒரு பொருள் தேடறேன்" என்று சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. அந்தப் புரதத்தைத் தோலிலிருந்து பிரிக்க ஒரு சோப்புத் தண்ணீர் வேண்டும். சோப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திரிந்த பால் மாதிரி கட்டிதட்டிப் போகும். மூன்று வருஷம் அவளுக்குத் திரிந்துகொண்டேதான் இருந்தது. பிறகு ஒருவழியாகப் புரதம் திரியாமல் நின்றது. அதை விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மிஷினில் வைப்பாள். மிஷின் ஒரு வெளிச்சத்தை அடிக்கும். தேடுகிற பொருள் புரதத்தோடு ஒட்டினால், திரும்பி வரும் வெளிச்சம் கூடுமாம்.

அந்த மிஷின் எல்லாருக்கும் பொது. நர்மதாவின் முறை திங்கள், செவ்வாய், வெள்ளி. திங்கட்கிழமை புரதத்தை மட்டும் வைத்துப் பார்ப்பாள். மற்ற இரண்டு நாளும் பொருளைக் கலந்து பார்ப்பாள். ஐந்தாம் வருஷம் வெளிச்சம் கூடியது. வாராவாரம் கூடியது. அவளுடைய கைடு சுதர்சன் சார் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. நான் பெருமாளுக்கு நெய்விளக்கு ஏற்றினேன்.

அச்சாகும் முன்பு பெங்களூரில் ஒரு லேபில் அதையே செய்து பார்த்தார்கள். வெளிச்சம் கூடவே இல்லை.

சார் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது வெளியே எனக்குக் கேட்டது. "நம்பரை மாத்துனியா? உள்ளதைச் சொல்லிடும்மா."

"இல்ல சார்."

"அப்ப அவங்களுக்கு ஏன் வரல?"

ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த காலம் முடிய நாற்பது நாள்தான் இருந்தது. அதற்குள் காரணத்தைக் காட்டாவிட்டால் பட்டமும் போகும், பேரும் போகும்.

பத்து நாள் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். ஒரு மத்தியானம் என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பஞ்சவர்ணம் அக்கா, செவ்வா, வெள்ளி மட்டும் நீங்க வேற மாதிரி ஏதாச்சும் செய்வீங்களா?"

"என்னத்தச் செய்யப்போறேன்? தலைக்குக் குளிச்சு மஞ்ச பூசிக்கிட்டு வருவேன். அவ்வளவுதான்."

அவள் என் கையையே பார்த்தாள். உள்ளங்கை ரேகையெல்லாம் மஞ்சளாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

மிஷினில் வைக்கிற அன்று காலையில் அந்தக் குப்பிகளை நான் வெறுங்கையால்தான் கழுவுவேன். உறை போட்டால் வழுக்கும், விலை உசந்த சாமான், உடைந்துவிடும் என்று பயம். மெல்லிய துணியை விரலால் திரியாகத் திரித்து, உள்ளே விட்டுத் துடைப்பேன். நான் துடைத்த குப்பியில் வெறும் சோப்புத் தண்ணீரை ஊற்றி மிஷினில் வைத்தாள். புரதமும் இல்லை, பொருளும் இல்லை. வெளிச்சம் கூடியது.

"மஞ்சள் தண்ணியில கரையாதுக்கா. எண்ணெய், சோப்பு பட்டா கரைஞ்சு ஒளி விடும். அதான் குப்பி சுத்தமான்னு தண்ணி ஊத்திப் பார்த்தப்பல்லாம் சுத்தமா இருந்திச்சு."

"சார்கிட்ட நான் சொல்லிடறேம்மா."

"சும்மா இருங்க. புரதத்தைத் தனியாவும் பொருளோடயும் ஒரே நாள்ல பார்த்திருக்கணும். பார்க்காதது என் தப்பு."

அன்றைக்கே கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகப் பத்திரிகைக்கு எழுதினாள். சார் கூப்பிட்டார். தரை துடைக்கிற சாக்கில் நானும் உள்ளே நின்றேன்.

"மஞ்சளா? யாரு கழுவுனா?"

"நான்தான் சார்" என்றாள் நர்மதா.

"ஆராய்ச்சி பண்றவ மஞ்சக் கையோட கழுவுவியா? நம்புற மாதிரியா இருக்கு?"

அவள் கையில் மஞ்சள் இல்லை. அந்தப் பிள்ளை மஞ்சள் பூசுகிறவளே இல்லை. அது சாருக்கும் தெரியும். அதனாலேயே இதுவும் பொய் என்று முடிவு கட்டிவிட்டார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நாற்பது நாள் முடிந்தது. நர்மதா பட்டம் இல்லாமல் போனாள். இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லைப் பொடித்துச் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். வைரக்கண்ணு யாரோடும் பேசுவதில்லை என்று கேள்வி.

எட்டு மாதம் என்னால் சாமி முன்னால் நிற்க முடியவில்லை. போன வாரம் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு மாசம் கூடுதலா வாங்கிக் கொடுத்திருப்பேன்மா. இப்ப காலேஜ் பதிவுலேருந்து அவ பேரையே எடுத்துட்டாங்க" என்றார்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. போய் வேலையைப் பாருங்க என்றார்.