எலியோடோரோ அடுப்பு மாற்றிய கதை

எலியோடோரோ சிஃபுவெந்தெஸ் எங்கள் தெமுக்கோ நகரத்தில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரிதான் அலைந்தார். ஒரு வானொலிப் பெட்டி வாங்க ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே போய் நிற்பார். "என்னைக் கட்டிக்கவே நாலு வருசம் யோசிச்ச ஆளுதானே" என்பாள் அவர் மனைவி உபெர்லிந்தா. பக்கத்து வீட்டுக்காரி நான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே அவர் செருப்புச் சத்தம் எனக்கு அத்துப்படி.

உபெர்லிந்தாவுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. குளிர்காலம் வந்தால் இங்கே வீட்டுக்கு வீடு விறகு எரியும். காற்று நகராது, புகை தெருவிலேயே படுத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து வீட்டுக்குள் கசிவது வேறு. போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு குளிர்காலம் வீட்டில் விறகு எரிந்தால் இவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் எலியோடோரோவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வீட்டிலுள்ள விறகடுப்பையெல்லாம் கொடுத்துவிட்டால் அரசாங்கம் வேறொன்று தரும். இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம்: மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகளை எரிக்கும் அடுப்பு, இல்லையென்றால் சுவரில் மாட்டும் ஏசி. ஏசி குளிர்காலத்தில் சூடு தரும். எங்கள் கோடையான ஜனவரியில் இப்போதெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயிலுக்குக் குளிர்ச்சியும் தரும். வேறு யாராவது என்றால் ஒரு குவளை மாத்தே தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்திருப்பார்கள். இவர் மதில்மேல் பூனையாக உட்கார்ந்துகொண்டு, வீடு வீடாகப் போய் எல்லாருடைய அடுப்பையும் தடவிப் பார்த்தார். என் வீட்டு ஏசிக்கு முன்னாலும் வந்து நின்றார்.

"தோன்யா ரொசால்பா, இது சத்தம் போடுமா?" என்று என்னை மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க அளவுக்குப் போடாது."

"கரண்டு போச்சுன்னா?"

"போர்வை இருக்கு."

"நெருப்பே கண்ணுல தெரியாம அதென்ன சூடு? நம்பவே முடியலையே."

"கண்ணாலயா குளிர் காயுறீங்க, தோன் எலியோடோரோ? உங்க முதுகைக் கேளுங்க, அது சொல்லும்."

கேலி செய்தேனே தவிர, அவர் பயம் எனக்குத் தெரியாததல்ல. மலையடிவாரத்தில் பிறந்தவர். ஒரு பனிக்காலத்தில் விறகு தீர்ந்துபோய், அவருடைய அப்பா வீட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாக உடைத்து எரித்தாராம். நெருப்பில்லாத வீடு என்றாலே அவருக்கு உள்ளுக்குள் நடுக்கம். அதனால் ஏசிக்குச் சரி என்று தலையாட்டிய அதே கோடையில், வழக்கம்போல கொட்டகை நிறைய விறகும் வாங்கி அடுக்கினார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏசி மாட்ட ஆள் வந்த அன்று உபெர்லிந்தா என் வீட்டில் இருந்தாள். நடந்ததை எலியோடோரோவே பிறகு பெருமையாகச் சொன்னார். "வீட்டுல எல்லாரும் எங்க அதிகமா இருப்பீங்க?" என்று வந்தவர் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சமையலறை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாடு, சண்டை, சமாதானம், ஈரத்துணி எல்லாமே அங்கேதான். முன்கூடம் பாதிரியாருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும். அதைவிட்டால் வீட்டில் சாவு விழுந்தால் திறப்போம். ஆனால் வெளியாளிடம் போய் நாங்கள் அடுப்படியில் குடியிருக்கிறோம் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? "கூடத்துலதான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். ஏசி கூடத்துச் சுவரில் ஏறியது. செப்டம்பர் தேசிய விழாவுக்கு மட்டும் மூட்டும் கூடத்து இரும்படுப்பை ஒப்படைத்தாயிற்று.

நாள் முழுக்க எரியும் சமையலறை அடுப்பை? அதன்மேல் பூவேலை செய்த மேசைவிரிப்பைப் போர்த்தி, ஜாடியில் பூவும் வைத்து, புகைக்குழாயின் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வந்தவருக்கு இன்னும் எத்தனை வீடு பாக்கியோ, விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"யாரை ஏமாத்துறீங்க? அந்த ஆளையா, உங்க பெண்டாட்டியோட நுரையீரலையா?" என்று கேட்டேன்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் தோன்யா. பத்த வைக்கமாட்டேன்."

ஜூனில் எங்கள் ஊர்க் குளிர் இறங்கியது. "சோபாய்ப்பிய்யா ரொட்டி பொரிக்க மட்டும்" என்று ஒரு நாள் பற்ற வைத்தார். பிறகு துணி காய. பிறகு காரணமே தேவைப்படவில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலிகள் ஆளில்லாமல் குளிர் காய்ந்தன. அவர் போய் ஏசியை அணைப்பார், அடுப்படிக்கு வருவார், உபெர்லிந்தா இருமுவாள், திரும்ப ஓடிப்போய் ஏசியைப் போடுவார். செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கே தலை வலித்தது.

"அடுப்பை அணைச்சுத் தொலையேன் கெழவா" என்பாள் உபெர்லிந்தா.

"இதோ கெழவி, இந்த ஒரு கட்டை முடியட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். புகை அதிகம், யாரும் விறகு எரிக்கக் கூடாது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்தப் பக்கமிருந்து என் சுவரைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. ஓடினேன். சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு உபெர்லிந்தா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது.

"வெளிய தூக்கிடலாமா?" என்றார் எலியோடோரோ.

"வெளியேயும் புகைதான்யா! கூடத்துக்குத் தூக்குங்க!"

ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். கதவைச் சாத்தி, அடியில் துணியை அடைத்தேன். ஏசியைப் போட்டு, அவள் வாயில் மூச்சிரைப்பு மருந்தை அடித்துவிட்டு, ஆம்புலன்சுக்குச் சொன்னேன். ஊரே மூச்சுத் திணறும் நாள், வர நேரமாகும் என்றார்கள். மெதுவாக, மிக மெதுவாக, அவள் தோள்கள் அடங்கின. கண்ணைத் திறந்து, கண்ணாடி அலமாரியையும் பளபளக்கும் தரையையும் யார் வீடோ என்பது போலப் பார்த்தாள்.

"இங்க நல்லா இருக்கு" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "வந்து போறவங்களுக்கெல்லாம் நல்ல காத்து வெச்சிருக்கே கெழவா. எனக்குத்தான் புகை."

அவரைத் திட்ட நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். வழக்கம்போல ஓடி ஒளிகிறார் என்றுதான் நினைத்தேன். எரிகிற கட்டைகளை இடுக்கியால் எடுத்துக் கொல்லைச் சேற்றில் எறியும் சத்தம் கேட்டது. பிறகு புகைக்குழாய் தரையில் விழுந்தது. கடைசியில் சமையலறை மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது கதவு நிலையில் மாட்டியதும், பக்கவாட்டில் சாய்த்து, சுவர்க்காரை பெயர இழுத்து, கூடத்தின் நட்டநடுவில் போட்டார். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகளைக் கையாலேயே கிழித்தார்.

"நாளைக்கே போன் பண்ணி, இன்னொரு அடுப்பு இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லிடறேன்."

"விருந்தாளி வந்தா எங்க உக்கார வைப்பே?" என்று கேட்டாள் உபெர்லிந்தா.

"அடுப்படியில. குளிரட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாக மாறியது. அது நிற்கிற வரைக்கும் அவர் அவள் கையை விடவே இல்லை.