கட்டில் வந்த வாரம்

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று அடையாறு டாக்டர் சொன்ன அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி, வலது பக்கம் பந்து போல் இருக்க வேண்டியது தேய்ந்து சப்பையாகிவிட்டதைக் காட்டினார். யாருடைய எலும்பையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பயப்படாதீங்கம்மா, இப்பல்லாம் இது சகஜமான ஆபரேஷன்" என்றார். பயமில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே பயம் இல்லை. ஆனால் அது தைரியமும் இல்லை.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், காட்டன் புடவைப் பிரிவில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள் நான். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நின்றபடிதான். உட்கார ஸ்டூல் போட்டது நான் வேலையை விடும் சமயத்தில். போட்ட பிறகும் வாடிக்கையாளர் முன்னால் யாரும் உட்காரவில்லை. வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் இடுப்பு பேச ஆரம்பித்தது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்திலிருந்து பூக்கடைக்குப் போவதற்குள் நடுவில் நின்று நின்று போனேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் ஒருத்தி என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். என் மகளைவிடச் சின்னவள்.

"ஆபரேஷனை டாக்டர் பாத்துப்பாரு மேடம். வீட்டை நீங்க இப்பவே ரெடி பண்ணணும். வந்தப்புறம் பண்ண முடியாது. கொஞ்ச காலத்துக்குத் தரையில உக்காரவே கூடாது. குனிஞ்சு எதையும் எடுக்கக் கூடாது. காலைக் குறுக்கே போடக் கூடாது. வீட்ல கட்டில் இருக்குல்ல?"

"இல்லம்மா. பாய்தான்."

"டாய்லெட் வெஸ்டர்னா?"

"இண்டியன்."

"காய் எப்படி நறுக்குவீங்க?"

"அரிவாள்மனையில. கீழ உக்காந்துதான்."

அவள் கையிலிருந்த தாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். "சரி. கூட யார் இருக்காங்க?"

"யாருமில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

யாருமில்லை என்பது முழு உண்மை இல்லை. எனக்குக் கணவர் இருந்தார், சைதாப்பேட்டையில். கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். அவருக்குக் கல்யாணமாகாத அண்ணன் ஒருவர். அந்த அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இவர் அங்கே போனார். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை. அப்புறம் மகள் கல்யாணத்துக்கு வந்தார். அண்ணன் இறந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அதனால் கேட்கிறவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நாளாவட்டத்தில் அவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். கைக்குழந்தையோடு அவளால் வர முடியாது. நான் வரச் சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்மா."

"எதுக்குச் சொன்னே?"

"வேற யார்கிட்ட சொல்றது?"

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன்.

அந்த வாரமே ஒரு காலையில் அவர் வந்து நின்றார். தோளில் ஒரு ரெக்சின் பை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாதவர் போல வாசலில் ஒரு நிமிடம் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "எனக்கு சுகர் வந்துகீது. இனிமே சர்க்கரை போடாதே" என்றார். இனிமே என்ற சொல்லை நான் கவனித்தேன். அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"இன்னா சொன்னாங்க ஆஸ்பத்திரில?"

பிசியோதெரபி பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். ஒரே ஹால், ஒரு சமையலறை, பின்பக்கம் குளியலறையும் கக்கூஸும். எல்லாம் தரையோடு தரையாக இருந்தது. பாய், தலையணை, அரிவாள்மனை, அரிசி டின், தண்ணீர்க் குடம், மாவாட்டும் இயந்திரம், எதை எடுக்கவும் குனிய வேண்டும். இத்தனை வருடம் அப்படித்தான் புழங்கியிருக்கிறேன். அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அங்க அண்ணனோட கட்டில் கீது. உயரமான கட்டில். எடுத்தாந்துர்றேன்" என்றார்.

அடுத்த நாள் ஒரு குட்டியானை வண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்புக் கட்டில். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருந்தது. அந்தக் கம்பியை அண்ணனுக்காக அவரே வெல்டிங் செய்திருந்தார். ஹாலில் ஜன்னலோரம் போட்டுவிட்டு, "உக்காந்து பாரு" என்றார். உட்கார்ந்தேன். கால் தரையில் சரியாகப் பதிந்தது. முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அவருடைய அண்ணன் இறந்ததும் இந்தக் கட்டிலில்தான். மேல்வீட்டு ஓனரம்மா அதைக் கேட்டுவிட்டு, "வேற வாங்கக் கூடாதா?" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அன்றிரவே அதில் படுத்தேன். தரையைவிட்டு அவ்வளவு உயரத்தில் படுத்துப் பழக்கமில்லாததால், விளிம்பு எங்கே என்று கை தேடிக்கொண்டே இருந்தது. அவர் கீழே என் பாயில் படுத்துக்கொண்டார்.

கக்கூஸை மாற்ற ஓனரம்மா உடனே சம்மதித்தார். பல தலைமுறையாக இதே தெருவில் இருக்கும் உருது பேசும் குடும்பம். "போட்டுக்கோங்கம்மா, எனக்கும் ஒருநாள் முட்டி போயிடும்" என்றார். கொத்தனார் வந்து பழையதைப் பெயர்த்தார். புதியது பதித்து சிமெண்ட் காயும்வரை நான் மாடிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்தப் படிகள் செங்குத்தானவை. ஒவ்வொரு முறையும் அவர் எனக்குப் பின்னால் ஏறி வந்தார்.

"ஏறும்போது நல்ல காலை முதல்ல வை. இறங்கும்போது வலிக்கிற காலை முதல்ல இறக்கு. ஆபரேஷனுக்கு அப்புறமும் அதான் கணக்கு. இப்பவே பழகிக்கோ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணனுக்கு சொல்லிக் குடுத்தாங்க. அவரு ஏறவே இல்ல. எனக்குத்தான் ஞாபகம் கீது."

நடுப்படியில் மூச்சு வாங்க நின்றேன். சுவரில் கை ஊன்றியிருந்தேன். அவர் இரண்டு படி கீழே நின்றிருந்தார். மாடியில் ஓனரம்மா யாருடனோ போனில் பேசுவது கேட்டது.

"அண்ணன் போனப்புறம் ஒரு தபா இங்க வந்தேன்" என்றார் அவர். "தெருமுனை வரைக்கும். வீட்ல லைட்டு எரியல."

"எப்போ?"

"அண்ணன் போன வருசம், தீபாவளிக்கு முன்னாடி."

"கடையில இருந்திருப்பேன். சீசன்ல வர்றதுக்கு நேரமாகும்."

"ஆமா. அப்புறம்தான் தோணிச்சு."

காத்திருந்து பார்த்திருக்கலாமே என்றோ, மறுநாள் வந்திருக்கலாமே என்றோ கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பதற்குக் கோபம் வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. நல்ல காலை மேல்படியில் வைத்தேன்.

மற்ற வேலைகளை அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். வாசலில் கிடந்த மிதியடியும் ஹாலில் விரித்திருந்த பிளாஸ்டிக் பாயும் வழுக்கும் என்று சுருட்டிப் பரணில் போட்டார். குறுக்கே ஓடிய டி.வி. ஒயரைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்தார். கக்கூஸ் சுவரில் டிரில் போட்டுக் கைப்பிடிக் கம்பி பொருத்தி, தானே அதில் தொங்கிப் பார்த்தார். உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் அடுப்பு மேடைக்கு ஏறின. அரிவாள்மனையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு ஒரு கத்தி வாங்கி வந்தார். நின்றபடி கத்தியால் வெண்டைக்காய் நறுக்கப் பழகினேன். துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து பாட்டில்களில் வைத்தேன். கை வேலை செய்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் வாங்கச் சொன்ன வாக்கரை வைத்துக் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை நடந்து பார்க்கச் சொன்னார். சமையலறைக் கதவு நிலையில் வாக்கர் இடித்தது. உளியால் நிலையின் ஓரத்தைச் செதுக்கினார். மறுபடி நடந்தேன். மறுபடி இடித்தது. மறுபடி செதுக்கினார். கடைசியில் வாக்கர் உரசாமல் உள்ளே போனது. "ஆங்" என்றார். அந்த வாரத்தில் அவர் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போலானது. பச்சைத் திரைக்கு அந்தப்பக்கம் தட்டுகிற சத்தம், தச்சு வேலை நடப்பது போலக் கேட்டது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். வலித்தது. ஆனால் பழைய வலி இல்லை, வேறு வலி.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. கால்களுக்கு நடுவே தலையணை வைத்து மல்லாந்து படுத்துக்கொள்வேன். அவர் வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார், ரசம் வைப்பார், தையல் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றிவிடுவார். பிசியோதெரபி பெண் வந்து பார்த்துவிட்டு, "வீடு சூப்பரா ரெடி பண்ணிருக்கீங்க சார்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

எல்லாவற்றையும் யோசித்துச் செய்திருந்தோம், ஒன்றைத் தவிர. கால் நகம் வளர்ந்துவிட்டது. குனியக் கூடாது என்பதால் என் பாதத்தை என்னால் தொட முடியாது. போர்வையில் நகம் மாட்டி இழுத்தபோது அவர் பார்த்துவிட்டார். நகவெட்டியை எடுத்துவந்து ஸ்டூலைப் போட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் காலைத் தொட்டதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே முடி வட்டமாக உதிர்ந்திருந்தது. அது எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

"சதையோட சேத்து வெட்டிடப் போறீங்க."

"அண்ணனுக்கு எத்தினி வருசம் வெட்டிகீறேன். ஆடாம இரு."

அழுகை வரும் என்று நினைத்தேன். அதற்காகக் கொஞ்சம் காத்துக்கொண்டும் இருந்தேன். வரவில்லை. நகவெட்டியின் சில்லிப்பு மட்டும் ஒவ்வொரு விரலிலும் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என் உடம்பில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். வெட்டி முடித்ததும் துண்டுகளைக் காகிதத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு போனார்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. அதுவும் போய், நான் தனியாகப் பூக்கடை வரை நடந்து திரும்பிய நாளில் மகள் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னதும் சந்தோஷப்பட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா எப்பம்மா கிளம்புறாரு?"

"தெரியல."

"நீ கேக்கலையா?"

"கேக்கல."

"கேளும்மா. போறாரா இருக்காரான்னு தெரிய வேணாமா?"

பின்பக்கம் அவர் துவைத்த துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். என் புடவையை இரண்டாக மடித்து, ஓரம் சேர்த்து, நுனியில் கிளிப் போட்டார். சைதாப்பேட்டை அறைக்கு ஒருமுறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று காலையில் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு வர வேண்டும் என்றுதான் சொன்னார்.

"சாயங்காலம் பேசுறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு எழுந்துபோய், இரண்டு பேருக்கு அரிசி களைந்தேன்.