எட்டாம் நம்பர் காரும் அஞ்சாவது டயரும்

ஹயர்னு வாடகைக்குக் கார் ஓட்டுறவன் ஒரு காதைப் பயணிக்கும் மறு காதை டயருக்கும் குடுத்துட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடணும். இது எனக்குப் புரிய நாலு மாசம் ஆச்சு. பழைய கார் வாங்கி, வாங்கின கையோட ரோட்டோரத்துல குந்தி ஜாக்கி சுத்தின எல்லாருக்குமாச் சேர்த்து இதை எழுதுறேன். மத்தவங்க படிச்சா சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.

நான் லிந்துலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன். கல்யாணம், கிளினிக், ரயில் ஸ்டேசன்னு லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற ஆளுங்களுக்கு ஹயர் ஓட்டுறதுதான் வேலை. அதுல மத்த எல்லாத்தையும் விட முக்கியமான ஹயர் செல்லம்மா அக்கா. இருபத்தஞ்சு வருஷம் கொழுந்து எடுத்தவங்க. இப்ப ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. செவ்வாயும் வெள்ளியும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய், காலையில எட்டரைக்கு மெஷின்ல படுத்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கணும். முறை தவறினா அடுத்த ஆள் படுத்துடுவாங்க, அவங்களுக்கும் உயிர்தானே. பஸ்ல நின்னுகிட்டே போய் அக்கா ஒருதரம் மயங்கி விழுந்துட்டாங்க. புருஷன் இல்லாதவங்க. கொழும்புல வேலை செய்ற மக எனக்குப் போன் போட்டு, "அண்ணே, அம்மாவை உங்களை நம்பித்தான் விட்டிருக்கேன்"னு சொல்லுச்சு. ஆட்டோவை வித்துட்டு நான் கார் வாங்கினதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

கூட்டினா எட்டு

கார் பார்க்கக் குருநாகல் பக்கம் நாலு பேர் போனோம். நான், என் மச்சான், தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், நாள் நட்சத்திரம் பார்க்கிற என் பெரியப்பா. மெக்கானிக் என்ஜினுக்குக் காது குடுத்தார். மச்சான் ரேடியோ பாடுதான்னு பார்த்தான். பெரியப்பா நம்பர் பிளேட்டுக்கு முன்னால குந்தி, விரலை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்துட்டு, "எட்டு வருது, சனி"ன்னார். அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் எங்க பேச்சு எட்டை விட்டு நகரல. இங்கிலீஷ் எழுத்தையும் சேர்த்துக் கூட்டலாமா, பரிகாரம் இருக்கா, அதை எந்தக் கோயில்ல பண்ணலாம், இதேதான். டயர் நாலும் கருகருன்னு மின்னுச்சு. அது பாலிஷ்னு நாலு பேர்ல ஒருத்தருக்கும் தோணல.

அதையே வாங்கிட்டு ஊருக்கு வந்ததும் கோயில்ல பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினோம். மூணு பழம் நசுங்குச்சு. முன் இடது சக்கரத்துப் பழம் மட்டும் நழுவி உருண்டு தண்ணி ஓடுற கானுக்குள்ள போயிடுச்சு. "பரவால்ல, எடுங்க வண்டியை"ன்னார் பூசாரி. மறுநாள் தலவாக்கலைக்குப் போற வழியில முதல் பஞ்சர். வந்த ஆத்திரத்துல, வித்த மனுஷனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக் கேட்டுட்டு சிங்களத்துல சொன்னார்: "தம்பி, நீங்க நாலு பேரும் நம்பரைப் பத்தித்தானே கேட்டீங்க? டயரைப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தா, நான் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன்."

நாலு வீட்டுப் பிள்ளைங்க

ஹட்டன்ல எனக்குத் தெரிஞ்ச டயர் கடை ஒரு முஸ்லிம் பெரியவரோடது, நானான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நாப்பது வருஷமா டயரோட பழகின மனுஷன். பழைய துணியால பாலிஷைத் துடைச்சுட்டு, ஒவ்வொரு டயரா நாடி பார்க்கிற மாதிரி தடவிப் பார்த்தார். ஒண்ணு அளவுல சின்னது. ஒண்ணு தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டினது. ஒண்ணோட பக்கவாட்டுல தையல் போட்ட மாதிரி ஒட்டு. முன் இடது டயர்கிட்ட வந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஓரத்துல இருந்த நாலு எண்ணை எனக்குக் காட்டினார். டயர் எந்த வருஷம் எந்த வாரம் செஞ்சதுங்கிறது அதுலதான் இருக்காம். கணக்குப் பார்த்தா எனக்குக் கல்யாணம் ஆகிறதுக்கு முந்தின டயர். என் மூத்த மக இப்ப ஆறாம் வகுப்புப் படிக்குது. பெரியப்பா கூட்டினதுதான் கூட்டினார், இந்த நம்பரைக் கூட்டியிருக்கக் கூடாதா?

முன்னால ரெண்டையும் உடனே மாத்தச் சொன்னார் நானா. அடுத்த மாசம் பார்ப்போம்னேன். இந்த அடுத்த மாசம் உங்க வீட்டுக் காலண்டர்லயும் இருக்கும், அது வராதுன்னும் உங்களுக்குத் தெரியும். நானா கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "மகன், நாலும் நாலு வீட்டுப் பிள்ளைங்க. ஒன்னோட ஒன்னுக்குப் பேச்சுவார்த்தை இல்ல. வளைவுல திருப்பினா ஆளுக்கொரு பக்கம் போகத்தான் பார்க்கும்."

பம்பு சத்தம்

பின் சக்கரம் ஒண்ணுல கண்ணுக்குத் தெரியாத கசிவு. சாயங்காலம் கல்லு மாதிரி இருக்கும், விடிஞ்சு பார்த்தா ரொட்டி மாதிரி தட்டையாக் கிடக்கும். நானா தண்ணித் தொட்டியில முக்கிப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரல. அதனால தினம் காலையில அஞ்சரைக்கு, குளிர்ல பல்லு கிடுகிடுக்க, லயத்து வாசல்ல கால் பம்பை மிதிப்பேன். ஊரே வெந்நீர்ல முகம் கழுவுற நேரத்துல எனக்கு மட்டும் நெத்தியில வேர்வை.

மூணு வாரம் கழிச்சு நானாவே கண்டுபிடிச்சார். டயர்ல ஓட்டை இல்ல, காத்து அடிக்கிற வாயில இருக்கிற வால்வுதான் தேஞ்சு போயிருந்திருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. மறுநாள் முதல்முறையா ஆறரை வரைக்கும் தூங்கினேன். அன்னைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா, கொழுந்துக் கூடையும் தலையுமா வந்து என் வாசல்ல நின்னாங்க. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அவங்க பிந்திப் போக, அரை நாள் வேலையாப் போட்டுட்டாங்களாம். "உன் பம்பு சத்தத்துலதான் நான் எழும்புறேன்னு உனக்குத் தெரியாதா? இன்னைக்கு எனக்கு அரைப்பேர். யாரைக் கேட்டு நீ டயரைச் சரி பண்ணின?"

மிலாறு குத்தின செவ்வாய்க்கிழமை

தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடிச்சா, வெட்டின குச்சியையெல்லாம் பொம்பளைங்க கட்டுக்கட்டா அடுப்புக்குத் தூக்கிட்டுப் போவாங்க. மிலாறுன்னு சொல்வோம். நல்லா எரியும். ஆனா கத்தி சாய்வா விழுந்த முனை ஈட்டிதான். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்காவை நுவரெலியாவிலிருந்து கூட்டிட்டு வர்றேன். தோட்டத்து ரோட்டுல கட்டுலருந்து விழுந்து கிடந்த ஒரு மிலாறு, பின் டயரோட பக்கவாட்டுல ஏறிடுச்சு. டிக்கியில இருந்த ஸ்பேர் வீல் காத்தில்லாம சப்பிக் கிடந்துச்சு, கால் பம்பை மிதிச்சுக் காத்து ஏத்தினேன். மழை பெஞ்ச ரோடு, ஜாக்கியை வச்சா கார் ஏறல, ஜாக்கி சேத்துல இறங்குது.

மிலாறு சுமந்துக்கிட்டு வந்த எட்டுப் பொம்பளைங்க கட்டைக் கீழ போட்டுட்டு வந்தாங்க. சேலையைச் செருகிக்கிட்டு, காரோட பின்பக்கத்தை அப்படியே தூக்கிப் பிடிச்சாங்க. செல்லம்மா அக்கா களைச்சுப் போய் ஒரு மிலாறு கட்டு மேல உட்கார்ந்து, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தாங்க. கடைசி நட்டை நான் முடுக்கும்போது சொன்னாங்க: "எனக்கு வாரத்துல ரெண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க, உன் காருக்கு ரெண்டு நாள் டயர் மாத்துற. ரெண்டு பேருக்கும் ஒரே கிளினிக் கொப்பி போட்டுத் தேதி எழுதிக்கலாம் தம்பி."

இரவல்

அந்த எட்டுப் பேரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. திரும்பி வர்றப்ப ஆனதால தப்பிச்சோம், போறப்ப ஆகியிருந்தா? அந்தப் பயத்துல மறுநாளே நானா கடையில ஒரு புது டயர் போட்டேன். எங்க போட்டேன்னு கேளுங்க. ஸ்பேர் வீல்ல. புதுசை டிக்கியில பத்திரமா வச்சுட்டு, கிழடுகளை ரோட்டுல ஓட விட்டேன். கல்யாணச் சேலையைப் பெட்டியில பூட்டி வச்சுட்டுக் கிழிஞ்சதைக் கட்டுற புத்திதான். நீங்களும் செஞ்சிருப்பீங்க.

தோட்டத்துல மாரியம்மன் திருவிழா வந்துச்சு. வியாழக்கிழமை கோயில் தலைவர் முத்தையா அண்ணன் என்னைத் தேடி வந்தார். விரதம், வெறுங்கால், இடுப்புல மஞ்சள் வேட்டி. எங்க அம்மன் தேருக்கு அடியில இருக்கிறது ஒரு பழைய சின்னக் காரோட அடிச்சட்டம், என் கார் வகைதான். அதுல ஒரு டயர் கிழிஞ்சு போச்சாம். விடிஞ்சா தேர் கிளம்பணும். "அண்ணே, நாளைக்கு வெள்ளி. செல்லம்மா அக்காவைக் கூட்டிட்டுப் போகணுமே"ன்னு இழுத்தேன். அவர் என் காரை ஒருதரம் சுத்திப் பார்த்துட்டுச் சொன்னார்: "நீ நாலு சக்கரத்துலதானே தம்பி போற? அம்மா மூணுலதான் நிக்கிறா."

வெள்ளிக்கிழமை

காலையில அக்காவோட இறங்கினேன். தோட்டத்தோட கீழ்ப் பகுதி, கீழ் டிவிசன் லயத்துக்கிட்ட, ராத்திரி நான் குடுத்த வீலோட தேர் வந்துட்டிருந்துச்சு. தப்பு மேளம் முழங்குது, காவடி ஆடுது. அக்கா காருக்குள்ள இருந்தபடியே கும்பிட்டாங்க. திருநீறு வாங்கிக்கிட்டு, "போலாம் தம்பி, முறை போயிடும்"னாங்க.

லிந்துலையைத் தாண்டி, நானுஓயாவுக்கு முன்னால ஒரு வளைவு. டப்புன்னு ஒரு சத்தம். ஸ்டியரிங் கையை மீறி இடது பக்கம் இழுத்துச்சு. நல்ல காலம், இடது பக்கம் மலை. மண்ணுல உரசி நின்னுச்சு. இறங்கிப் பார்த்தா முன் இடது டயர் வாயைப் பிளந்து கிடக்கு, எலுமிச்சம்பழம் நசுக்காத அதே சக்கரம். ஓடிப் போய் டிக்கியைத் திறந்தேன். ஸ்பேர் வீல் இருந்த குழி காலியா என்னைப் பார்த்துச்சு. அம்மன் அது மேலதான் போய்க்கிட்டிருக்கான்னு அப்பத்தான் உறைச்சுது. மணி ஏழு இருபது. வந்த பஸ்ல படியில தொங்கிக்கிட்டு வந்தாங்க, நிறுத்தவே இல்ல. ஆட்டோக்காரர் செல்வத்துக்குப் போன் அடிச்சேன், அவர் காவடிக்குள்ள இருந்தார், எடுக்கல. அக்காவுக்குக் கால் வீங்கியிருந்துச்சு, மூச்சு வாங்குச்சு. ஒரு வார்த்தை என்னைத் திட்டல. திட்டியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அந்த மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்னுதான் மனசு அடிச்சுக்கிச்சு.

கடைசியா முத்தையா அண்ணனுக்கு அடிச்சேன். தப்பு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கத்திக் கத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் தப்பு நின்னுச்சு. "அக்கா எத்தனை மணிக்குப் படுக்கணும்?"னு மட்டும் கேட்டார். எட்டரைன்னேன். போனை வச்சுட்டார். இருபது நிமிஷத்துல ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு. பின்னால முத்தையா அண்ணன், மடியில என் ஸ்பேர் வீல். டயர் பூரா மஞ்சளும் குங்குமமும், நட்டு ஓட்டையில ஒரு செவ்வந்திப் பூ. அம்மன் இருக்கும்போதே தேரை ஆளுங்க தூக்கிப் பிடிக்க, கல்லை அண்டக் குடுத்துட்டுச் சக்கரத்தைக் கழட்டியிருக்காங்க. வீலை வாங்கி இறக்கினேன். "பாவம் இல்லையாண்ணே, தேரை நடு வழியில நிறுத்தலாமா?"ன்னேன். அவர் வீல் ஸ்பேனரை என் கையில திணிச்சார்: "அம்மா நிப்பா தம்பி. மெஷின் நிக்காது. நட்டை முடுக்கு."

கீழ் டிவிசன்

எட்டு இருபத்தஞ்சுக்கு அக்கா படுத்தாங்க. வெளிய பெஞ்சுல உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு, வெக்கமில்லாம அழுதேன். "அம்மா படுத்துட்டாங்களா அண்ணே?"ன்னு கொழும்புலருந்து போன். "படுத்துட்டாங்கம்மா"ன்னேன், மத்ததைச் சொல்லல. அக்கா எழும்புறதுக்குள்ள டவுன்ல முன்னால ரெண்டுக்கும் புது டயர் போட்டு, மஞ்சள் பூசின வீலைத் திரும்ப டிக்கியில வச்சேன். என் அடுத்த மாசம் ஒருவழியா அன்னைக்கு வந்துச்சு.

திரும்பி வந்தா கீழ் டிவிசன்ல தேர் கல்லு மேல அப்படியே நிக்குது. கோவிச்சுக்குவாங்கன்னு நினைச்சுப் பயந்துகிட்டே இறங்கினேன். அங்க பார்த்தா லயம் பூரா சிரிப்பும் பொங்கலுமா இருக்கு. வருஷா வருஷம் மேல் டிவிசனுக்குப் போற அவசரத்துல தேர் அந்த லயத்தைத் தொட்டும் தொடாம ஓடிடுமாம். இன்னைக்குத்தான் எல்லாரும் வரிசையா நின்னு, நிதானமா அர்ச்சனை பண்ணியிருக்காங்க. தட்டோட நின்ன ஒரு அக்கா என் கையில பொங்கலை வச்சுட்டுச் சொன்னாங்க: "அம்மா எங்க வாசல்ல பத்து நிமிஷத்துக்கு மேல நின்னதே இல்ல. அடுத்த வருஷமும் நீங்களே டயர் குடுங்க தம்பி."

வீலைத் தேருக்கு மாட்டினோம். கல்லை எடுத்ததும் தேர் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்துச்சு, தப்பு திரும்ப முழங்குச்சு. செல்லம்மா அக்கா கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல இறங்கினாங்க. கையில பிளாஸ்டர். தேர் அசைஞ்சு போறதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுட்டு என் பக்கம் திரும்பினாங்க: "வருஷா வருஷம் நான்தான் ரோட்டோரத்துல அவளுக்காகக் காத்து நிப்பேன். இன்னைக்கு எனக்காக அவ நின்னிருக்கா. சரி விடு, இனி உன் காரைக் கேலி பண்ண மாட்டேன்."

ஆகவே சக டயர் துன்பக்காரர்களே, ஸ்பேர் வீலை இரவல் குடுக்கிறதா இருந்தா அம்மனுக்கு மட்டும் குடுங்க, திருப்பிக் கேட்டா முகம் சுளிக்காம கழட்டித் தர்றது அவ ஒருத்திதான்.