மாமனார் என்று பேர் வைத்த பீப்பாய்

பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் மேஸ்திரியாக இருக்கத் தொண்டை வேண்டும். அந்த மேஸ்திரிக்கு அது தாராளமாகவே இருந்தது. ஒரு பக்கம் தகடு தட்டுகிற சத்தம், இன்னொரு பக்கம் கிரைண்டர் அலறல், இரண்டையும் தாண்டி அவர் குரல் வாசல்வரை கேட்கும். 'இடி' என்று பட்டப்பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பட்டறை என்றால் கைகலப்பு இருக்கும். வெக்கை, சத்தம், தலைக்கு மேல் வேலை. எவன் எதைச் சொன்னாலும் சுருக்கென்று தைக்கும். முதலாளி மேஸ்திரியைக் காய்ச்சுவார், மேஸ்திரி வெல்டரைக் காய்ச்சுவார், வெல்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவான். இதற்கு மேஸ்திரி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் பட்டறைக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அடிக்க ஒரு மரக்கட்டையையும் பக்கத்தில் போட்டார். "கோபம் வந்தா மனுஷன் மேல கை வைக்காதீங்க. இங்க வந்து நாலு போடு போடுங்க. உள்ள இருக்கறது வெளிய போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பேர் வைத்தது பெயிண்டர். வாய் சும்மா இருக்காத ஆள். "எவ்வளவு வாங்கினாலும் வாயே திறக்க மாட்டேங்குது. அசல் என் மாமனார்" என்றான். அன்றிலிருந்து பீப்பாய் மாமனார் ஆகிவிட்டது. "கொஞ்சம் மாமனாரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று ஒருவன் எழுந்தால் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள்.

மேஸ்திரியும் அடிப்பார். முதலாளி காய்ச்சிய நாளில் கை வலிக்க அடித்துவிட்டு, பெரிய பாரம் இறங்கியதுபோல வீட்டுக்குப் போவார். அவர் மனைவிதான் ஒருநாள் சோறு போட்டபடி சொன்னாள்: "நீங்க அந்தத் தகரத்தைத் தட்டிட்டு வர்ற அன்னிக்குத்தான் இங்க அதிகமா கத்தறீங்க. தட்டாம வந்தா பேசாம சாப்பிட்டுப் படுத்துக்கறீங்க."

"உனக்கு என்னடி தெரியும் பட்டறையைப் பத்தி?" என்று கத்தினார். அன்றைக்கும் தட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

வினை வந்த நாளில் முதலாளி வண்டி பார்க்க வந்திருந்தார். பக்கவாட்டுத் தகட்டில் வெயில் பட்டதும் பெயிண்ட் அலை அலையாகத் தெரிந்தது. அவர் பெயிண்டரை முறைக்க, பெயிண்டர் வெல்டர் பக்கம் கையைக் காட்டினான்.

"தகடே கசக்கிப் போட்ட பேப்பர் மாதிரி நெளிஞ்சிருக்கு முதலாளி. நான் பெயிண்ட் அடிச்சு என்ன ஆகப்போகுது? சொட்டை மண்டைக்குச் சீப்பு எதுக்கு?"

வெல்டருக்கு முன்மண்டை வழுக்கை. பட்டறையே சிரித்தது. முதலாளிகூடச் சிரித்துக்கொண்டேதான் ஆபீஸ் ரூமுக்குள் போனார். வெல்டருக்குப் பதில் பேச வராது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்று மறித்தார் மேஸ்திரி.

"டீ குடிச்சிட்டு வர்றேன் மேஸ்திரி."

"டீயில அடங்குற கோபமா இது? போ, போய் மாமனாரைக் கவனி."

"வேணாம். கொஞ்ச தூரம் நடந்தா சரியாயிடும்."

தன் வைத்தியத்தை ஒருத்தன் வேண்டாம் என்கிறானே என்று மேஸ்திரிக்குச் சுர்ரென்றது. பக்கத்து மேசையில் கிடந்த சுத்தியலை எடுத்து அவன் கையில் திணித்தார். தோளைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டார். சிரிப்பில் இருந்த கூட்டம் அதைக் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து அடி கேட்டது. முதலில் வெறும் அடி. பிறகு அடிக்கு ஒரு வார்த்தை. "சொட்டையா... சீப்பா... நானா..." ஊமை மாதிரி இருந்தவனுக்குப் பேச்சு வருதே, எல்லாம் வெளியே போகிறது என்று மேஸ்திரிக்குச் சந்தோஷம். அவன் உள்ளே வந்தபோது கண் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சுத்தியல் கையிலேயே இருந்தது.

பெயிண்டர் குனிந்து பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "என்ன மச்சான், மாமனார் பொழைச்சாரா?" என்றான்.

சுத்தியல் இறங்கியது. தலைக்குக் குறுக்கே பெயிண்டர் கையைக் கொடுத்ததால் தலை தப்பியது. பெயிண்ட் அடிக்கிற கை, மணிக்கட்டில் முறிந்தது.

அலறல் கேட்டு முதலாளி ஓடி வந்தார். "தேடிப்போய் சுத்தியலை எடுத்துட்டு வந்திருக்கான் பாரு. வாய்ச்சண்டையில கை நீண்டுட்டா சரின்னு விடலாம். இது திட்டம் போட்டுப் பண்ணது" என்று அந்த இடத்திலேயே வெல்டரை வேலையை விட்டு நிறுத்தினார். வெல்டர் மேஸ்திரியை ஒரு தடவை பார்த்தான். கிரைண்டரைத் தாண்டிக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து அன்றைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. வெல்டர் கையுறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பார்.

பழம் வாங்கிக்கொண்டு பெயிண்டர் வீட்டுக்குப் போனார். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பழத்தை வாங்கி உள்ளே கொண்டு போனாள்.

"எலும்பு கூடிடும் மேஸ்திரி. வாய்க்கொழுப்புக்கு வாங்கினேன்னு வச்சுக்கறேன். ஆனா ஒண்ணுதான் ஆற மாட்டேங்குது. கையில கிடைச்சதை வீசியிருந்தா பரவால்ல. எனக்குன்னு போய் சுத்தியலைத் தேடி எடுத்துட்டு வந்திருக்கானே. அவ்வளவு வன்மமா என் மேல?"

"அவன் எடுக்கல" என்றார் மேஸ்திரி.

"பின்ன?"

"நான்தான் கொடுத்தேன். அவன் டீக்கடைக்குத்தான் போனான். வேணாம்னான். நான்தான் கையில திணிச்சுத் திருப்பிவிட்டேன்."

பெயிண்டர் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தான். "இதை அன்னிக்கே முதலாளிகிட்ட சொல்லியிருக்கணும்" என்றான். "இப்பவாவது போய்ச் சொல்லுங்க. அவனும் பிள்ளைகுட்டிக்காரன்."

மறுநாள் காலையில் மேஸ்திரி கிரைண்டர்களை நிறுத்தச் சொன்னார். எல்லார் முன்னாலும் முதலாளியிடம் சொன்னார். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். "மேஸ்திரியாய்யா நீ?" என்று கேட்டார். மேஸ்திரி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பெயிண்டரே சொல்லி அனுப்பியதால் வெல்டரைத் திரும்பக் கூப்பிட முதலாளி ஒப்புக்கொண்டார்.

அந்தச் சூட்டோடு மேஸ்திரி பின்பக்கம் போனார். பீப்பாயை உதைக்கக் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். அப்புறம் அதை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிவிட்டார்.

வெல்டர் வந்தான். கை கூடியதும் பெயிண்டரும் வந்தான். "மச்சான், தகடு கண்ணாடி மாதிரி இருக்கு, முகம் பார்த்துத் தலை வாரிக்கலாம் போல" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, "எனக்குத்தான் சொன்னேன், எனக்கு" என்றான். வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகம் சிவந்த ஆள் யாராவது வாசலைப் பார்த்து நடந்தால் இப்போது மேஸ்திரி மறிப்பதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. வேலைக்கு நடுவில் மேஸ்திரி சுத்தியலை நீட்டினால் வெல்டர் கை நீட்ட மாட்டான். மரியாதையாகத்தான் நிற்பான். அவர் அதை மேசைமேல் வைத்துக் கையை எடுத்த பிறகு, அவனே எடுத்துக்கொள்வான். இப்போதெல்லாம் மேஸ்திரியும் நீட்டுவதில்லை. வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.