அவசரமில்லை என்றவர்

காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தபோது, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் பிரிசில்லா தன் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக் கருவிகளுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி அது. தைவானில் ஆர்டர் கொடுத்த சிப் பினாங்கு, சிங்கப்பூர், சென்னை என்று சுற்றி பீன்யா தொழிற்சாலைக்கு வந்துசேர ஆறு மாதமாகும். அதைப் பாதியாக்கும் பொறுப்பு ஒரு வருடமாக அவள் தலையில்.

கப்பலில் போன நாட்கள் கொஞ்சம்தான். சப்ளையர் பயந்து இரண்டு வாரம் கூட்டிச் சொல்வான். ஏஜென்ட் தன் பங்குக்கு ஒரு வாரம். ஸ்டோர்ஸில் இன்னும் கொஞ்சம். இப்படி ஆளாளுக்கு ஒளித்துவைத்த நாட்களைப் பேசிப்பேசியே பிடுங்கினாள். பினாங்கில் நடந்த சோதனையையும் பீன்யாவுக்கே கொண்டுவந்தாள்.

"நீங்க நச்சரிக்கிறதுல தைவான்காரனே தமிழ் கத்துக்குவான்மா" என்பார் மேலாளர் கஸ்தூரிரங்கன்.

"அவசரமில்லன்னு சொல்றவங்க சரக்கு கடைசி லாரியிலதான் சார் வரும்" என்பாள்.

கோலார் தங்கவயலில் தனியாக இருந்த அப்பா சாலமன் ஒருநாளும் நச்சரித்ததில்லை. சுரங்கத்தில் வெடிவைத்துக் காது மந்தமானவர். ரேடியோ முழுச் சத்தத்தில் அலறினால்தான் அவருக்குக் கேட்கும். அதன் வால்யூம் கன்ட்ரோல் கெட்டதிலிருந்து வீட்டில் பேச்சுக்குரலே இல்லை. போனில் மகள் சொல்வதும் காதில் விழாது. தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"கண்ணு, ரேடியோ சாமான் கெடச்சா எடுத்துனு வா. அவசரமில்ல. மாசக் கடைசி, ஒனக்கு வேல இருக்கும். சாப்ட்டியா? சரி, வெக்கிறேன்."

ஒரு மாசக் கடைசி முடிந்ததும் அடுத்தது வந்தது.

பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாள்தான் அன்று கூப்பிட்டது. "பிரிசி, அப்பா போயிட்டாரும்மா. காப்பி குடுக்கப் போனேன், சேர்லயே ஒக்காந்தாப்ல இருந்தாரு. ஞாயித்துக்கெழம நீ வருவன்னு சட்டைய தேச்சு வெச்சிருந்தாரு."

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறினாள். எதிரே இருந்த பெண்மணி எங்கே போகிறாய் என்று கன்னடத்தில் கேட்டாள். "மனெகே" என்றாள் பிரிசில்லா, வீட்டுக்கென்று. பங்காரப்பேட்டை தாண்டும்போது, திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதென்று கஸ்தூரிரங்கனிடமிருந்து மெசேஜ் வந்தது.

தேய்த்து வைத்த சட்டையைத்தான் அவருக்குப் போட்டார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அவள் ரேடியோவைப் பார்த்தாள். பின்மூடி கழற்றியிருந்தது. திருகாணிகளை ஒரு தம்ளரில் போட்டு, ஸ்க்ரூ டிரைவரையும் பக்கத்தில் வைத்திருந்தார்.

பீன்யாவில் அவள் வாங்கிய வால்யூம் கன்ட்ரோல், ஆபீஸ் மேசை இழுப்பறையில் கவர் பிரிக்காமல் கிடந்தது.