நாலு பேருக்கான ஸ்பிரிங்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் அவை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு, புதியம்புத்தூர் ரெடிமேட் தையல் கூடங்களுக்கு நூல், பட்டன், ஜிப் சப்ளை செய்துகொண்டிருந்தேன். தினமும் காரில் போய்வருவேன். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி அவர்களை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட, வீட்டில் நான் ஒரே ஆள். ராத்திரியில் டிவியைப் பார்ப்பதற்காகப் போடுவதில்லை. வீட்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று போடுவேன்.

எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் என்ன பாடுபடும்? போட்ட வருடமே மேடும் பள்ளமுமாக நெளிந்துவிடும். ஒரு தீபாவளிக்கு வந்த மனைவி, புதியம்புத்தூர் போகும் வழியில் ஒட்டப்பிடாரம் தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இனி இந்த வண்டியில என்னைக் கூப்பிடாதிய. முதுகு விட்டுப்போகுது" என்றாள். அடுத்த லீவுக்கு அவள் வரவில்லை. பிள்ளைகளும் வரவில்லை.

பழி முழுவதையும் காரின் மேல் போட்டேன். ஆட்டத்தைச் சரிசெய்துவிட்டால் வந்துவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் காயில்ஓவர் செட் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும். வண்டியின் உயரத்தையும் ஷாக்கின் இறுக்கத்தையும் திருகி மாற்றிக்கொள்ளலாம். விலை குறைந்த ஒன்று சிவப்பு பெயிண்டில் பளபளத்தது. எங்கள் ஊர்ப் புழுதியில் இதன் திருகு மறை இறுகிப்போகாதா, ஆயில் கசிந்தால் பிரித்துச் சரிபண்ண முடியுமா, தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா என்று பட்டறைக்காரரைக் குடைந்து எடுத்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட யாரும் அவ்வளவு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் மறைக்கு ரப்பர் உறை போட்ட, உதிரி பாகம் கிடைக்கிற நல்ல செட்டையே எடுத்தேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தினமும் வண்டில எத்தனை பேருங்க போவீங்க? அதுக்குத் தகுந்த ஸ்பிரிங் போடோணும்."

நான் யோசிக்கவே இல்லை. "நாலு பேரு" என்றேன்.

நாலு பேர் எடைக்கான ஸ்பிரிங் ஒற்றை ஆளுக்கு எப்படி அமுங்கும்? ஊர் திரும்பிய மறுநாளே கார் என்னை ஒவ்வொரு மேட்டிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. திருகிப் பார்த்தேன், கொஞ்சம்தான் குறைந்தது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. முழுப்பரீட்சை லீவு வரப்போகிறதே, அவர்கள் வந்துவிட்டால்? அதனால் பருத்திக்கொட்டை மூட்டைகள் வாங்கி, பின்சீட்டில் இரண்டு, பக்கத்தில் ஒன்று என்று உட்கார வைத்தேன். பிரேக் போட்டால் முன்சீட்டு மூட்டை சரிந்தது. அதற்கு பெல்ட்டும் மாட்டிவிட்டேன். வண்டி அருமையாகப் போனது. சிரிக்காதீர்கள், சில நாள் அந்த மூட்டையிடம் பேசவும் செய்தேன்.

ஒரு மத்தியானம் ஊர் திரும்பும்போது, பாஞ்சாலங்குறிச்சிக்கு ரோடு பிரியும் விலக்கில் ஆடு மேய்க்கும் கணவனும் மனைவியும் கையைக் காட்டினார்கள். கணவர் தோளில் ஒரு நோஞ்சான் குட்டி. ஒட்டப்பிடாரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவர், "மூட்டையா இருக்கு. நீங்க போங்க அண்ணாச்சி" என்று ஒதுங்கினார். அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஏயப்பா, மூட்டைக்குல்லாம் பெல்ட்டு போட்டுருக்காவளே!"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. மனுஷர்கள் வெயிலில் நிற்க, பருத்திக்கொட்டை சீட்டில் உட்கார்ந்திருந்தது. இறங்கி, மூட்டைகளைப் பக்கத்து டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டேன்.

அந்த அம்மா ஒன்றுவிடாமல் விசாரித்துக்கொண்டே வந்தார். நானும் பேச ஆளில்லாமல் கிடந்தவன், கோயம்புத்தூர், ஸ்பிரிங், சென்னையில் இருக்கும் குடும்பம், வரப்போகிற லீவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவிய வாரோம்னு சொன்னாவளா, அண்ணாச்சி?" என்றார்.

"ஏட்டி, சும்மா வா" என்று கணவர் அதட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மூட்டையும் இல்லாத கார் வழி முழுக்க என்னைத் தூக்கிப் போட்டது. பட்டறைக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்டவன், வருவீர்களா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் கேட்டேன். "ரோட்டுல என்ன இருக்கு? பிள்ளைகளுக்கு இங்கனயே பழகிப்போச்சு. எனக்கும்தான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி கோயம்புத்தூர் போனேன். "இப்ப எத்தனை பேருங்க?" என்று கேட்டார் பட்டறைக்காரர். "ஒரு ஆள்தான்" என்றேன். அதுவரை யாரிடமும் வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. அவர் ஸ்பானரைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீவுக்கு நான்தான் இப்போதெல்லாம் சென்னைக்குப் போய்வருகிறேன். இங்கே, விலக்கில் யாராவது பஸ்ஸுக்கு நின்றால் ஏற்றிக்கொள்கிறேன். அவர்கள் ஏறி உட்காரும்போது ஒற்றை ஆளுக்காக மாற்றிப் போட்ட அந்த மெல்லிய ஸ்பிரிங் அமுங்கி, கார் கொஞ்சம் தாழும். வராதவர்களுக்காக வண்டியை இறுக்கி வைத்திருந்த எனக்கு, வந்து உட்காருகிறவர்களுக்காக அது தாழ்ந்து கொடுக்கும் அந்த ஒரு நொடிதான் இன்றைக்கும் ஆறுதல்.